சின்னக் கால்களுக்கு ஏற்ற சிறு பயணங்கள்

சிறுபோக வேளாண்மை வெட்டுத் தொடங்கியிருந்த நாட்களில் ஒரு மாலை, அஸர் தொழுகை முடித்துப் பள்ளிவாசலை விட்டு வெளியே வந்த எம்மை ஓர் இளைஞர் வழிமறித்தார். வரிப்பத்தான்சேனையிற் பிறந்து வளர்ந்தவர். கட்டார் நாட்டிலே தொழில் பார்ப்பவர். இரண்டு ஆண்டுகளின் பின் நாற்பது நாள் விடுமுறையில் ஊருக்கு வந்திருந்தார். அவர் விமானமேறிய காலத்தில் மனைவியின் வயிற்றிலிருந்த குழந்தைக்கு அப்பொழுது ஒரு வயதும் ஒன்பது மாதமும் ஆகியிருந்தன.

"காக்கா, பிள்ளை என்னிட்ட வருகுதில்லை" என்றார்.

அவர் குரலிலே வருத்தமும் வெட்கமும் கலந்திருந்தன. கைத்தொலைபேசியிலே நாள்தோறும் வாப்பாவின் முகத்தைக் கண்டு சிரித்துப் பழகிய குழந்தை, அதே முகம் வீட்டு வாசலில் வந்து நின்றபொழுது உம்மாவின் பின்னே ஒளித்துக்கொண்டதாம். எவ்விதமேனும் பிள்ளையைத் தம்மோடு பழக்கிவிட வேண்டுமென்னும் ஆவலில் அவர் வேன் ஒன்றை வாடகைக்கு அமர்த்தி, குடும்பத்தோடு மலைநாட்டுக்குப் புறப்பட்டார். மஹியங்கனைக்கு அப்பால் பதினெட்டு வளைவு ஏறும்பொழுது குழந்தை மூன்று முறை வாந்தியெடுத்தது. கண்டி நகரிலே நன்றாக உறங்கியது. பேராதனைப் பூந்தோட்டத்திலே கண் விழித்து, வானளாவிய மரங்களை ஏறெடுத்தும் பாராமல், பாதையோரத்தில் ஊர்ந்து சென்ற எறும்பு வரிசையின் முன்னே குந்திவிட்டது. நெடுநேரம் அவ்விடத்தை விட்டு அசையவில்லை. நேரமாயிற்றென்று சாரதி அவசரப்படுத்தவே, குழந்தையைத் தூக்கிக்கொண்டு வண்டியேறினார்கள். அது வழிநெடுக அழுதது.

"கையிலிருந்த காசில் பாதி போயிற்று, காக்கா. எறும்பு எங்கட வளவிலும் இருக்குதுதானே!"

நாம் சிரித்தோம், அவரும் சிரித்தார். ஆயினும் அவர் திரும்பிச் செல்ல இன்னும் இருபத்தாறு நாட்களே எஞ்சியிருந்தன என்பது எம் இருவர் நெஞ்சிலும் உறுத்திக்கொண்டிருந்தது.

இஃது ஒருவருடைய கதை மாத்திரமன்று. கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று, சம்மாந்துறை, இறக்காமம் என்று நமது வட்டாரத்தின் எந்த ஊரை எடுத்தாலும் இத்தகைய வீடுகள் உள்ளன. வாப்பா வெளிநாட்டில் இல்லாத வீடுகளிலும் குறை வேறு விதமாக இருக்கிறது. 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியின் பின் பஸ் கட்டணம் முதற்கொண்டு பால்மா வரையில் யாவும் விலையேறிவிட்டன. "சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு எங்கே போவது? போனாலும் கட்டுப்படியாகுமா?" என்னும் கேள்வி தாய்மார் வாயில் அடிக்கடி எழுகிறது. முடிவில் குழந்தையின் கையிலே தொலைபேசியைக் கொடுத்து ஒரு மூலையில் இருத்திவிடுகிறோம். அந்தக் கேள்விக்கு எம்மால் இயன்ற விடையை இன்று கூற விழைகின்றோம்.

குழந்தையின் கண்ணுக்கு எது காட்சி?

ஒன்று முதல் மூன்று வயது வரையுள்ள பிள்ளைக்குத் தூரம் என்பது பொருளற்றது. நூறு மைலுக்கு அப்பாலுள்ள நீர்வீழ்ச்சியும் கிணற்றடியில் ஓடும் நீரும் அதற்கு ஒன்றே. இன்னும் சொல்லப்போனால் கிணற்றடி நீரே மேலானது. அதனைத் தொட்டுப் பார்க்கலாம், கையால் அடிக்கலாம், சிரட்டையில் அள்ளி ஊற்றலாம். பெரியோர் கண்ணாற் காண்கின்றனர். குழந்தையோ கையாலும் காலாலும், யாம் அஞ்சும் வேளைகளில் வாயாலும், உலகத்தை அறிகின்றது.

மரியா மொண்டிசோரி அம்மையாரின் பெயரை நமது தாய்மார் அறிவர். சிற்றூர்களிலும் பாலர் பாடசாலைகளை 'மொண்டிசோரி' என்றே அழைக்கின்றோம். இத்தாலி நாட்டவரான அவ்வம்மையார் 1939ஆம் ஆண்டு சென்னை அடையாற்றுக்கு வந்து, உலகப் போரின் காரணமாக ஆண்டுக்கணக்கில் இந்தியாவிலே தங்கிக் கல்விப் பணி புரிந்தார். குழந்தை ஒரு காரியத்திலே தன்னை மறந்து ஈடுபட்டிருக்கும்பொழுது பெரியோர் குறுக்கிட்டு அதனைக் கலைத்தலாகாது என்பது அவர் வலியுறுத்திய கருத்துக்களுள் ஒன்று. பேராதனையிலே எறும்பின் முன் குந்தியிருந்த அச்சிறு பிள்ளை வீணே பொழுது போக்கவில்லை. அன்றைய நாளின் மிகப் பெரிய காட்சியை அது கண்டுகொண்டிருந்தது. நாமே அதனைப் பாதியிற் பறித்துவிட்டோம்.

உலக சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டலையும் ஈண்டு குறிப்பிடுதல் தகும். ஒரு வயது முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தைகள் நாளொன்றுக்கு 180 நிமிடமேனும் ஓடியாடித் திரிதல் வேண்டும். ஒரு வயதுக் குழந்தையைத் திரையின் முன்னே இருத்துதல் ஆகாது. இரண்டு வயதுக்கு மேல் நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மிகுதல் கூடாது; குறையுமாயின் அதுவே நன்று. தொலைவிலிருக்கும் வாப்பாவோடு தொலைபேசியில் முகம் பார்த்துப் பேசுவது வேறு. வெறுமனே படம் பார்த்துக்கொண்டிருப்பது வேறு. முன்னதை யாரும் குறைகூறார்.

மூன்று மணி நேர ஓட்டமும் ஆட்டமும் என்றால் மலைக்க வேண்டியதில்லை. அதனை ஒரே மூச்சிற் செய்யவேண்டுமென்பதில்லை. காலையிற் சிறிது, மாலையிற் சிறிதாகக் கூட்டிக்கொள்ளலாம். அதற்கான இடங்கள் நம்மைச் சுற்றிலும் உள்ளன.

குளக்கட்டிலே ஒரு காலை

வரிப்பத்தான்சேனை மக்களுக்கு இறக்காமக் குளம் அயல் வீடு போன்றது. பழைய காலத்துக் குளமாகிய அது, 1855 முதல் 1860 வரை ஆளுநராக இருந்த சேர் ஹென்றி வார்ட் காலத்திலே அம்பாறைக் குளத்தோடு சேர்த்துத் திருத்தப்பெற்றது. இவ்வரலாறெல்லாம் பிள்ளைக்கு வேண்டியதில்லை. கூட்டிச் செல்லும் வாப்பாவுக்கு வேண்டும். ஏனெனில் நாம் ஒன்றை மதித்துப் பார்த்தாற்றான் பிள்ளையும் நம் முகத்தைப் பார்த்து அதனை மதிக்கக் கற்றுக்கொள்ளும்.

சுபஹுத் தொழுகை முடிந்து வெயில் ஏறுமுன் செல்லுங்கள். இலையும் பூவுமாய்த் தாமரை படர்ந்து கிடக்கும். கொக்கு ஒற்றைக் காலில் நிற்கும். நீர்க்காகம் மூழ்கி வேறோர் இடத்தில் எழும்பும். மீன்பிடிகாரரின் தோணி கரைக்கு வரும். இவற்றுள் ஏதேனும் ஒன்றைக் குழந்தை தெரிந்தெடுத்துக்கொள்ளும். அதையே அன்றைய பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். "அது கொக்கு, இது நாரை, அதோ மீன்கொத்தி" என்று பெயர்களை அடுக்கி அதன் தலையில் ஏற்ற வேண்டாம். ஒரு கொக்கு போதும். மறுநாள் அதே கொக்கைக் காணப் போகலாம். ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பச் செல்வது பெரியோருக்குச் சலிப்பு. குழந்தைக்கோ அதுவே இன்பம்.

இனிக் கண்டிப்பான ஒரு வார்த்தை. எமது குடும்பத்தில் நிகழ்ந்த ஒன்றை இதுவரை வெளியிற் சொன்னதில்லை. ஆண்டுகள் சிலவற்றின் முன், இரண்டு வயதுப் பேத்தியைக் கையிற் பிடித்து வாய்க்காலோரமாக நடந்து சென்றோம். எதிரே வந்த நண்பர் நெல் விலையைப் பற்றி ஏதோ கேட்டார். பிடித்திருந்த கையை விட்டு, நின்று இரண்டு வார்த்தை பேசினோம். திரும்பிப் பார்த்தபொழுது குழந்தையைக் காணோம். அழுகையில்லை, கூச்சலில்லை, தண்ணீர் தளும்பிய ஓசைகூட இல்லை. சற்று அப்பால் துணி கழுவிக்கொண்டிருந்த பெண்ணொருத்தி பாய்ந்து சென்று சட்டையைப் பிடித்துத் தூக்கினாள். அந்தச் சகோதரி அங்கிராவிடின் இக்கட்டுரையை எழுதும் மனம் எமக்கு இராது.

நீரில் அமிழும் குழந்தை பெரும்பாலும் சத்தமிடுவதில்லை. சில அங்குல ஆழமே அதற்குப் போதும். 2021ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 300,000 பேர் நீரில் மூழ்கி மாண்டனரென்றும், அவர்களுள் நால்வரில் ஒருவர் என்னும் அளவுக்கு ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளே என்றும் உலக சுகாதார நிறுவனம் 2024இல் அறிவித்தது. வாய்க்காலும் குளமும் கிணறும் சூழ்ந்த நமது ஊர்களில் இவ்வெண்ணிக்கை வெறும் எண்ணிக்கையன்று. ஆதலின் விதி ஒன்றுதான்: நீருக்கு அண்மையில் பிள்ளை எப்பொழுதும் கைக்கெட்டும் தூரத்திலே இருத்தல் வேண்டும். கண்ணுக்கெட்டும் தூரம் போதாது. கையில் தொலைபேசி இருத்தலாகாது. நண்பர் வந்தால் முதலில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பிறகு பேசுங்கள். அன்றியும் நமது குளங்களில் முதலைகள் உண்டு. குளக்கட்டின் மேலே நின்று பாருங்கள், நீர் விளிம்புக்கு இறங்க வேண்டாம். யானை நடமாட்டமுள்ள பக்கங்களில் மஃரிபுக்கு வெகு முன்னரே வீடு திரும்பிவிடுங்கள்.

வயலும் வாடியும்

பெரும்போகமும் சிறுபோகமும் மாறி மாறி வரும் நமது நாட்டில் வயல் ஆண்டுக்குப் பல முறை உடை மாற்றிக்கொள்கின்றது. விதைப்புக் காலத்துச் சேறு, இளம்பயிரின் பச்சை, விளைந்த கதிரின் பொன்னிறம், வெட்டிய பின் எஞ்சும் வைக்கோல் என ஒரே வரம்பிலே நின்று நான்கு வகைக் காட்சி காணலாம். பெப்ரவரி, மார்ச் மாதங்களிலும் மீண்டும் ஆகஸ்ட் மாதத்தையொட்டியும் வேளாண்மை வெட்டு நடைபெறும்.

வெட்டு முடிந்த வயல் சின்னக் கால்களுக்கு மிகச் சிறந்த மைதானம். நீர் வற்றியிருக்கும், வாகனம் வாராது, விழுந்தாலும் வைக்கோலின் மேலே விழலாம். வெட்டும் இயந்திரமும் உழவு இயந்திரமும் ஓடிக்கொண்டிருக்கும் வேளையில் மாத்திரம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தூரத்திலே நின்று காட்டுங்கள். சாரதியின் கண்ணுக்குக் கீழே நிற்கும் குழந்தை தெரியாது. பயிருக்கு மருந்து அடித்த வயல்களின் பக்கம் சில நாட்களுக்குப் போகாதிருத்தல் நலம். வெட்டிய தாள் குத்தாமலிருக்கக் காலுக்குச் செருப்பு வேண்டும்.

வயற்காவலுக்கென அமைத்த வாடியிலே சற்று இளைப்பாறலாம். பிட்டும் வாழைப்பழமும் கட்டிக்கொண்டு சென்றால் அதுவே விருந்து. மாட்டுப்பட்டி வைத்திருப்பவர் எவரேனும் உறவினராக இருப்பின் இன்னும் விசேடம். கன்று தாயிடம் ஓடிப் பால் குடிப்பதைப் பார்த்த பிள்ளை அன்றிரவு அதனையே நடித்துக் காட்டும். திரும்பும் வழியில் எருமைத் தயிர்ச் சட்டியொன்றை வாங்கி வந்தால், அந்தத் தயிர் எங்கிருந்து வந்ததென்பதும் பிள்ளைக்கு ஒருவாறு விளங்கும்.

கடற்கரையும் ஒரு கவலையும்

கடற்கரைக்கு வரிப்பத்தான்சேனையிலிருந்து பஸ்ஸிலே சென்று வரலாம். அக்கரைப்பற்று, ஒலுவில், நிந்தவூர், காரைதீவு, சாய்ந்தமருது, கல்முனை என்று கரை நெடுக ஊர்கள் உள்ளன. சிறு பிள்ளைக்குப் பஸ் பயணமே ஓர் உல்லாசம். ஏறுவதும் மணியடிப்பதும் இறங்குவதும் அதற்குப் பெரும் வேடிக்கை. காலையில் நேரத்தோடு சென்றால் கரைவலை இழுப்பதைக் காணலாம். இரு பக்கமும் மனிதர் வரிசையாக நின்று ஒரே தாளத்திற் பின்னோக்கி நடப்பதும், வலையின் மடி கரையேறியதும் மீன்கள் துள்ளுவதும் எந்தச் சர்க்கஸ் கொட்டகையிலும் காணக் கிடையாதவை. ஒலுவிலிலே வெளிச்சவீட்டைக் காட்டலாம். அங்கே சில பகுதிகளிற் கடல் கரையை அரித்திருப்பதால் மணற்பரப்பு நன்றாக உள்ள இடத்தை ஊரவரிடம் கேட்டறிந்து செல்க.

நவம்பர் முதல் பெப்ரவரி வரை வாடைக்காற்றுக் காலத்திலே நமது கடல் முரட்டுத்தனமானது. ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை ஓரளவு அமைதியாயிருக்கும். அப்பொழுதும் இரண்டு வயதுப் பிள்ளைக்குக் கடல் வேண்டியதில்லை, மணலே போதும். ஒரு சிரட்டையும் பழைய கரண்டியும் கொடுத்துவிடுங்கள்; மண்சோறு ஆக்கி உங்களுக்கே பரிமாறும். அலை தொடாத ஈர மணலோடு எல்லை வகுத்துக்கொள்ளுங்கள்.

கடலைப் பற்றிப் பேசும்பொழுது ஒன்றை மறைக்க முடியாது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை வந்தபொழுது இலங்கையிலே அதிகமான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டந்தான். 10,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். அன்றிலிருந்து கடற்கரை மணலில் கால்வையாத மூத்தம்மாமார் கல்முனைக் கரையோரத்தில் இன்றும் உள்ளனர். "பிள்ளையைக் கடலுக்குக் கொண்டுபோகாதே" என்று அவர்கள் தடுத்தால் அதனைப் பழமைவாதம் என்று தள்ளிவிடாதீர்கள். அவர்கள் எதைக் கண்டவர்களென்று எண்ணிப் பாருங்கள். மெல்லப் பேசி, முடியுமானால் அவர்களையும் அழைத்துச் செல்லுங்கள். பேரப்பிள்ளையின் கையைப் பிடித்து அம்மணலில் மீண்டும் அடியெடுத்து வைத்த மூதாட்டி ஒருவரை நாம் அறிவோம். அவர் எதுவும் பேசவில்லை; ஒரு சிப்பியைப் பொறுக்கிப் பிள்ளையின் கையிலே கொடுத்தார்.

கல்முனைக் கடற்கரைப் பள்ளியிலே நாகூர் ஷாஹுல் ஹமீது வலியுல்லாஹ்வின் நினைவாக ஆண்டுதோறும் கொடியேற்ற விழா நடைபெறும். அந்நாட்களிற் கடைகளும் கூட்டமுமாகக் கரை களைகட்டும். மழலையுடன் செல்வோர் சனநெரிசல் மிகுந்த இரவை விடுத்துக் காலை வேளையைத் தெரிந்துகொள்க. வாப்பாவின் தொலைபேசி எண்ணை ஒரு கடதாசித் துண்டில் எழுதிப் பிள்ளையின் சட்டைப் பையில் வைத்துவிடுக. கச்சான் வாங்கினால் பெரியோர் உண்க. தொண்டையில் அடைத்துக்கொள்ளும் அபாயம் உள்ளதால் சின்னப் பிள்ளைகளுக்கு முழுக் கச்சான் ஆகாது.

தறியோசையும் பேரணையும்

கல்முனைக்கு வடக்கே மருதமுனை கைத்தறி நெசவுக்குப் பேர்பெற்ற ஊர். தெரிந்தவர் வீட்டிலே தறி இருந்தால் அனுமதி பெற்றுக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு சிறிது நேரம் உட்கார்ந்திருங்கள். 'தடக் தடக்' என்னும் ஓசையும், இப்பக்கமும் அப்பக்கமும் ஓடும் நாடாவும், வண்ண நூல்களும் குழந்தையைக் கட்டிப்போட்டுவிடும். இதற்குக் காசு கேட்பார் இல்லை. விரும்பினால் ஒரு சாரனை வாங்கி அவர்கள் தொழிலுக்கு உதவலாம்.

சற்று நீண்ட பயணம் வேண்டுவோருக்கு இங்கினியாகலை உண்டு. நாம் பட்டிப்பளை ஆறு என்று வழங்கும் கல்லோயாவைத் தடுத்து, 1949ஆம் ஆண்டு தொடங்கிய திட்டத்தின் கீழ் ஓர் அமெரிக்க நிறுவனம் கட்டியெழுப்பிய அணை அங்குள்ளது. அதனால் உண்டான நீர்த்தேக்கம் முதற் பிரதமர் டி. எஸ். சேனநாயக்காவின் பெயரால் சேனநாயக்க சமுத்திரம் எனப்படுகின்றது. ஏறத்தாழ 770,000 ஏக்கரடி நீரைக் கொள்ள வல்லது. அங்கே யானைகள் நீரிலே நீந்தித் தீவுக்குத் தீவு செல்வதைப் படகிலேறிப் பார்ப்போர் உண்டு. அதற்குச் செலவு அதிகம், மழலைகளுக்கு உகந்ததுமன்று. தொலைவில் நின்று பரந்த நீரைக் காட்டி, மரநிழலிற் சோறுண்டு திரும்புவதே போதும். அணைக்கட்டுக்கு அருகிற் செல்ல அனுமதியுண்டா என்பதை முன்னரே விசாரித்துக்கொள்ளுங்கள். இப்பயணம் விடுமுறைக்கு ஒருமுறை போதும். மற்ற நாட்களுக்குக் குளமும் வயலும் இருக்கின்றன.

வாப்பா அருகில் இல்லாத வீடுகளில்

"வாப்பா இருந்தால் கூட்டிப்போவார், நான் தனியே இரண்டு பிள்ளைகளுடன் எப்படிப் போவேன்?" என்று கேட்கும் உம்மாமாரே மிகப் பலர். அவர்களுக்கு எமது யோசனை இது: ஒரே ஒழுங்கையிலுள்ள மூன்று தாய்மார் சேர்ந்துகொள்ளுங்கள். வாரத்தில் ஒரு மாலை பிள்ளைகளோடு புறப்படுங்கள். முறை வைத்து ஒருவர் பேச்சுக்கும் வேலைக்கும் விலகிப் பிள்ளைகளைக் கவனிப்பதையே தொழிலாகக் கொள்ளட்டும். 'எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்' என்று எண்ணும் வேளையிலேதான் ஒருவரும் பாராதிருக்க நேர்கின்றது.

மூத்தாப்பாமாரையும் மறவாதீர்கள். வயலையும் மாட்டையும் அவர்களைப் போல அறிந்தவர் யார்? மெதுவாக நடக்கும் முதியவரும் தத்தி நடக்கும் மழலையும் ஒரே வேகத்திற் செல்வர், இருவருக்கும் அவசரமில்லை.

வெளியே போக இயலாத மழை நாளில் வளவே உலகம். குரும்பட்டியில் ஈர்க்குச் செருகித் தேர் செய்யலாம். தென்னோலையிற் காற்றாடி பின்னலாம். பேசினில் நாலு விரற்கடை நீர் ஊற்றி, சிரட்டையும் கிண்ணமும் போட்டு, நீங்கள் பக்கத்திலேயே குந்திக்கொண்டால் ஒரு மணி நேரம் பறந்துவிடும். எழும்பியவுடன் அந்த நீரைக் கொட்டிவிடுக. அது பிள்ளையின் பாதுகாப்புக்கும் நுளம்பு பெருகாமைக்கும் நல்லது.

கொண்டுசெல்ல வேண்டியவை

கொதித்தாறிய நீர், ஒரு குடை, மாற்றுடை, கை துடைக்க ஈரத்துணி, வீட்டுச் சாப்பாடு ஆகியவை போதுமானவை. வயிற்றோட்டம் காணின் உடனே கரைத்துக் கொடுக்க ஒரு பைக்கற்று ஜீவனி வைத்திருங்கள். கச்சான் காற்று அனலாய் வீசும் காலத்திற் பத்து மணிக்கும் மூன்று மணிக்குமிடையே பிள்ளையை வெயிலிற் கொண்டுசெல்ல வேண்டாம். அதன் உறக்க நேரத்தைக் குலைக்கும் பயணத்தைத் தவிருங்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேற்படாதிருத்தல் உத்தமம். பிள்ளை சலிக்குமுன் திரும்பினால் மறுமுறை அதுவே உங்களைக் கூப்பிடும்.

இனி அந்த இளைஞரின் கதைக்கு வருவோம். எஞ்சிய நாட்களில் அவர் வேறெங்கும் செல்லவில்லை. முதல் நாள் குளக்கட்டிலே குழந்தை உம்மாவின் இடுப்பை விட்டு இறங்கவில்லை. மூன்றாம் நாள் இறங்கியது; வாப்பாவின் பக்கம் திரும்பவில்லை. "கூப்பிடாதீர், தம்பி. நீரும் நிலத்தில் குந்தி அது பார்ப்பதைப் பாரும்" என்று சொல்லியிருந்தோம். அவ்வாறே செய்தார். ஆறாம் நாளோ ஏழாம் நாளோ, வெட்டிய வயலிலே அவர் வரம்பில் அமர்ந்திருக்க, குழந்தை நடந்து வந்து ஒரு நத்தை ஓட்டை அவருடைய உள்ளங்கையிலே வைத்துவிட்டுப் போயிற்று. சிறிது நேரத்தில் இன்னொன்று கொண்டுவந்தது. அன்று மாலை வீடு திரும்பும்பொழுது அவருடைய தோளிலே உறங்கியது.

இப்பொழுது அவர் கட்டாரிலே இருக்கிறார். அந்த நத்தை ஓடு அவருடைய பெட்டிக்குள்ளே போயிருக்கிறது. இரவில் தொலைபேசியில் வாப்பாவின் முகம் தோன்றியதும் குழந்தை எழுந்தோடித் தன் சிரட்டையை எடுத்து வந்து, அதிலே மண்ணிட்டு, "வாப்பா, சோறு" என்று அந்த முகத்தின் முன்னே நீட்டுகிறதாம்.

அந்தச் சிரட்டைக்கு அவர் ஒரு சதமும் செலவிடவில்லை. அந்தப் பிள்ளையின் அருகே குந்தியிருந்த மாலைப் பொழுதுகளுக்கு என்ன விலை என்பதை அவரே அறிவார். வாசக நேயர்களே, இன்று ஞாயிற்றுக்கிழமை. வெயில் தாழ்ந்ததும் உங்கள் வீட்டுச் சின்னக் கால்களுக்குச் செருப்பு மாட்டிவிடுங்கள். குளக்கட்டோ வயல் வரம்போ, நடந்து போகக்கூடிய ஓரிடத்துக்குப் போய் வாருங்கள்.